குவாடில் இருந்து இன்லைனுக்கு மாறினேன், நிறுத்தத்தான் வரவில்லை

அடையாறுவாசி, பிப்ரவரி 2, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். ஆறாம் வகுப்பில் ஆரம்பித்துப் பன்னிரண்டாம் வகுப்பு வரை குவாட் ஸ்கேட்ஸ் (முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு சக்கரம் உள்ள காலணி) ஓட்டியவன் நான். ரிங்கில் வளைவு, பின்பக்கமாக ஓட்டுவது, ரிலே எல்லாம் செய்திருக்கிறேன். அதனால் பதினோரு வருடம் கழித்து இப்போது சக்கரங்கள் ஒரே வரிசையில் இருக்கும் இன்லைன் வாங்கியபோது பெரிய கஷ்டம் இருக்காது என்றுதான் நினைத்தேன். நான்கு 80 மி.மீ. சக்கரம், வலது காலில் ஹீல் பிரேக் (குதிகாலுக்குப் பின்னால் இருக்கும் ரப்பர் கட்டை), சாதாரண பொழுதுபோக்கு மாடல். ஓடுவது இரண்டு நாளில் வந்துவிட்டது. திரும்புவதும் பரவாயில்லை. நிறுத்துவது மட்டும் ஒரு மாதமாகியும் வரவில்லை.

போன ஞாயிறு விடியற்காலை பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் ஓட்டிக்கொண்டிருந்தபோது ஒரு நாய் குறுக்கே வந்தது. யோசிக்க நேரமில்லை, வலது கால் தானாகப் பின்னால் போய் நுனியை ஊன்றியது. குவாடில் டோ ஸ்டாப்பர், அதாவது நிறுத்துவதற்கான ரப்பர் கட்டை, இருக்கும் இடம் அது. இதில் அங்கே முன்சக்கரம் மட்டும்தான். அது உருண்டுகொண்டு போக, நான் முகம் குப்புற விழுந்தேன். முட்டியிலும் மணிக்கட்டிலும் கார்டு இருந்ததால் தப்பித்தேன், தாடையில் மூன்று தையல்.

ஹீல் பிரேக்கைப் பயன்படுத்தப் பார்க்கிறேன். முன்பாதத்தைத் தூக்கினால் கால் நடுங்குகிறது, பிரேக் தடதடவென்று தட்டுகிறதே தவிர வேகம் குறைவதில்லை, கொஞ்சம் அழுத்தினால் உடம்பு வலது பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. வாங்கிய கடையில் கேட்டேன், "அதைக் கழற்றிவிடுங்கள், குவாட் தெரிந்தவருக்கு எதற்கு" என்றார்கள். கழற்றலாமா? குவாடில் இருந்து மாறியவர்கள் எப்படிப் பழகினீர்கள்?


கிழக்குக்கரை, பிப்ரவரி 2, இரவு 11:15

தையல் போட்ட இடம் சீக்கிரம் ஆறட்டும். நான் சிங்கப்பூரில் இருக்கிறேன், ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் ஒன்பது வருடமாக ஓட்டுகிறேன். எனக்கும் குவாட்தான் முதலில், அதனால் நீங்கள் சொல்வது அப்படியே புரிகிறது. இரண்டு ஸ்கேட்டும் பார்வைக்கு ஒரே மாதிரி வேலை செய்வதாகத் தோன்றும், ஆனால் நிறுத்தும் விஷயத்தில் ஒன்றுக்கொன்று நேர் எதிர். குவாடில் ஆபத்து வந்தால் எடை முன்னால் போகிறது, நுனியை ஊன்றுகிறோம். இன்லைனில் உட்கார வேண்டும், குதிகாலை அழுத்த வேண்டும். ஏழு வருடப் பழக்கம் ஒரு மாதத்தில் போகாது, அதனால் உங்களுக்குத் திறமை இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

உங்கள் கால் நடுங்குவதற்குக் காரணம் எனக்குத் தெரிந்து இதுதான்: பாதத்தை முதலில் தூக்குகிறீர்கள், பிறகு அழுத்துகிறீர்கள். வரிசை மாற வேண்டும். முதலில் இரண்டு முட்டியையும் நன்றாக மடக்குங்கள். அப்புறம் பிரேக் இருக்கும் வலது காலை, கத்தரிக்கோல் திறப்பது போல, அரை ஷூ நீளத்துக்கு முன்னால் தள்ளுங்கள். எட்டு சக்கரமும் இன்னும் தரையில்தான் இருக்க வேண்டும். அந்த நிலையில் பத்து மீட்டர் ஆடாமல் உருள முடிகிறதா என்று பாருங்கள். முடியும் வரை பிரேக்கைத் தொடவே வேண்டாம். முடிந்த பிறகு வலது முன்பாதத்தை லேசாகத் தூக்கினால் போதும், ரப்பர் தரையைத் தொடும். தொட்டதும் பின்னால் ஒரு முக்காலி இருக்கிறது, அதில் உட்காரப் போகிறோம் என்ற மாதிரி இடுப்பை இறக்குங்கள். கைகள் இரண்டும் முன்னால், கண் தெரியும் இடத்தில்.

வலது பக்கம் இழுப்பதற்குக் காரணம், இழுவை முழுக்க வலது காலில் மட்டும் இருப்பது. இரண்டு பாதமும் அகலமாக விலகி இருந்தால் இன்னும் அதிகமாக இழுக்கும். ஒரு கை அகலத்துக்கு மேல் இடைவெளி விடாதீர்கள், இடுப்பு நேராக முன்னால் பார்க்கட்டும்.


வேகன்88, பிப்ரவரி 3, காலை 7:02

நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன், கோபப்பட வேண்டாம். ஹீல் பிரேக்கை முதல் வாரமே கழற்றினேன், வருத்தப்பட்டதே இல்லை. ஒரு காலை இன்னொன்றின் மேல் மாற்றி வைத்து வளைவில் போகும்போது அந்த ரப்பர் கட்டை இடிக்கிறது, பின்பக்கமாக ஓட்டும்போது தரையில் தட்டுகிறது. டி-ஸ்டாப் பழகுங்கள். பின்காலைக் குறுக்காக வைத்து இழுக்க வேண்டும், எடை முன்காலில். குவாடில் நீங்கள் டோ ஸ்டாப்பரைப் பின்னால் இழுத்த அதே அசைவுதான் கிட்டத்தட்ட, பாதத்தைத் திருப்பி வைக்கிறீர்கள், அவ்வளவே. உங்களுக்கு அது சீக்கிரம் வரும்.


கோவைபயிற்சி, பிப்ரவரி 3, மதியம் 1:30

பிள்ளைகளுக்கு இரண்டையும் சொல்லித்தருகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

வேகன் தம்பி சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். டி-ஸ்டாப் குவாட் பழக்கத்துக்கு நெருக்கமானது, உண்மை. ஆனால் கேள்வி கேட்டவர் பதற்றத்தில் விழுந்திருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். பதற்றத்தில் டி-ஸ்டாப் போட வேண்டுமானால் ஒரு காலைத் தரையில் இருந்து எடுத்து, பின்னால் கொண்டுபோய், குறுக்காகத் திருப்பி, மெதுவாக வைக்க வேண்டும். அந்த நேரம் முழுக்க ஒற்றைக் காலில் உருள வேண்டும். இன்லைனில் ஒற்றைக் காலில் நிற்பதே அவருக்கு இன்னும் உறுதிப்பட்டிருக்காது. அவசரமாக வைத்தால் பாதம் முழுக்கக் குறுக்காகாமல் சாய்வாக இறங்கும், உடனே உடம்பு சுழலும். ஹீல் பிரேக்கில் இரண்டு காலும் தரையிலேயே இருக்கின்றன. ஒரு மாதம் ஆன ஆளுக்கு எதைக் கொடுப்பேன் என்று கேட்டால், யோசிக்காமல் அதைத்தான் கொடுப்பேன். கழற்றாதீர்கள்.

இப்போது காலணியைப் பற்றி. குவாடில் அச்சு இரண்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு சக்கரம், நடுவே ரப்பர் குஷன். பக்கவாட்டில் நிற்பதற்கு நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம், காலணியே நிற்கும். அதனால் குவாடில் வளர்ந்தவர்களுக்குக் கணுக்காலைப் பயன்படுத்தும் பழக்கம் குறைவு. இன்லைனில் சக்கரங்கள் ஒரே கோட்டில், முன்பின்னாக நீளம் அதிகம். நான்கு 80 சக்கரம் போடும் ஃபிரேம் சாதாரணமாக 243 மி.மீ. இருக்கும். எனவே முன்பின் உறுதி கூடுதல், பக்கவாட்டு உறுதி குறைவு. குவாடில் பின்னால் சாய்ந்தால் தலை அடிபடும் என்று சின்ன வயதில் கோச் திட்டியிருப்பார், அந்தப் பயம் உடம்பில் உட்கார்ந்திருக்கும். அதனால்தான் குதிகாலில் எடை வைக்க உங்களுக்கு மனம் வருவதில்லை, ரப்பர் தொட்டும் தொடாமலும் தட்டுகிறது. அழுத்தம் தொடர்ந்து இருந்தால் தட்டாது.

ஆகவே நான் செய்யச் சொல்வது இது. முதல் வாரம் பிரேக்கை மறந்துவிட்டு ப்ளோ ஸ்டாப் மட்டும் பழகுங்கள். கால்களைத் தோளைவிட அகலமாக விரித்து, முட்டியை மடக்கி, குதிகாலை வெளியே தள்ளி, நுனிகளைக் கொஞ்சம் உள்ளே திருப்பி, சக்கரத்தின் உள்விளிம்பால் தரையை வெளிப்பக்கமாக அழுத்துவது. குவாடிலும் இதைச் செய்திருப்பீர்கள், வேறு பெயரில் சொல்லியிருக்கலாம். இரண்டு ஸ்கேட்டுக்கும் பொதுவான நிறுத்தம் என்று நான் மதிப்பது இது ஒன்றைத்தான், அதனால் உடம்பு சண்டை போடாமல் ஏற்றுக்கொள்ளும். கணுக்காலும் அதிலேயே பலப்படும். இரண்டாவது வாரம் கிழக்குக்கரை சொன்ன கத்தரிக்கோல் நிலை. மூன்றாவது வாரம் ரப்பர்.

இன்னொன்று, இது உங்களுக்கு இல்லை, படிக்கும் பெற்றோருக்கு. இந்தியாவில் போட்டிகளில் குவாட் பிரிவு, இன்லைன் பிரிவு என்று தனித்தனியாக இருப்பதால் நிறையப் பிள்ளைகள் குவாடில் தொடங்கி நடுவில் மாறுகிறார்கள். சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார் 2025இல் சீனாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் 1000 மீட்டர் தங்கம் வாங்கிய பிறகு என்னிடம் வரும் பிள்ளைகள் எல்லோரும் நேராக ஸ்பீடு இன்லைனைத்தான் கேட்கிறார்கள். அந்தக் காலணியில் பிரேக்கே கிடையாது. ஓடுபாதையில் முடிவுக் கோட்டைத் தாண்டிய பிறகு சுற்றிச் சுற்றி வந்து வேகத்தைக் குறைக்க இடம் இருக்கிறது, எதிரே ஆட்டோ வராது. தெருவில் அதே காலணியைப் போட்டு அனுப்புவது வேறு விஷயம். தயவுசெய்து செய்யாதீர்கள்.


அடையாறுவாசி, பிப்ரவரி 3, இரவு 8:20

ரொம்ப நன்றி சார். பின்னால் சாய்ந்தால் தலை அடிபடும் என்று கோச் சொன்னது, நீங்கள் எழுதியதைப் படித்ததும் அந்தக் குரலே காதில் கேட்டது. ஒரு சந்தேகம். ப்ளோ பழகும் முதல் வாரத்தில் மறுபடி ஏதாவது குறுக்கே வந்தால் என்ன செய்வது? கால் திரும்பவும் நுனிக்குத்தான் போகும் என்று பயமாக இருக்கிறது.


ரெண்டுபிள்ளைஅம்மா, பிப்ரவரி 3, இரவு 10:05

இதற்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதே பயத்தில் இரண்டு மாதம் ஸ்கேட்ஸை அலமாரியில் பூட்டி வைத்தவள் நான். வயது 41. பெண்ணை வகுப்புக்கு அழைத்துப் போய் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்து, பள்ளிக்கால ஆசை திரும்பி வந்து வாங்கினேன்.

தம்பி, பழகும் காலத்தில் குறுக்கே எதுவும் வராத இடத்தைத் தேடுங்கள். எங்கள் அடுக்குமாடியில் காலை பத்து மணிக்கு மேல் வண்டி நிறுத்துமிடம் காலியாகிவிடும், அங்கேதான் பழகினேன். தரை வழவழப்பாக இருந்தால் பிரேக் பிடிக்காத மாதிரித் தெரியும், அதைப் பார்த்துச் சோர்ந்துவிடாதீர்கள், தார்ச்சாலையில் நன்றாகப் பிடிக்கும். கடற்கரைச் சாலை பார்க்க அழகு, ஆனால் காற்றில் வந்து படியும் மணல் மேல் சக்கரம் சறுக்கும், பேரிங்கும் கரகரவென்று ஆகிவிடும்.

அப்புறம், விழக் கற்றுக்கொள்ளுங்கள். கேலியாகச் சொல்லவில்லை. புல்தரையில் கார்டு எல்லாம் போட்டுக்கொண்டு, நின்ற இடத்தில் முட்டியில் இறங்கி, பிறகு முழங்கை, பிறகு மணிக்கட்டுக் கார்டின் பிளாஸ்டிக் மேல் சறுக்குவது. ஒரு நாளைக்குப் பத்து முறை. எனக்கு இது வந்த பிறகுதான் பிரேக் வந்தது, ஏனென்றால் விழுந்தால் என்ன ஆகும் என்ற பயம் போனதும் உடம்பு இறுக்கத்தை விட்டது. இன்லைனில் அதிகம் உடைவது மணிக்கட்டுதான், நீங்கள் கார்டு போட்டிருந்தது பெரிய விஷயம். ஹெல்மெட் பற்றி நீங்கள் எழுதவில்லை. போடுங்கள்.

பக்கத்தில் புல் இருந்தால் அதுவும் ஒரு பிரேக். ஒரு காலை முன்னால் வைத்து, முட்டி மடக்கி, புல்லில் ஏறியதும் நாலைந்து எட்டு ஓடிவிட வேண்டும். நிற்கப் பார்த்தால் குப்புறத் தள்ளும்.


பழையதாள், பிப்ரவரி 4, காலை 6:48

நான் ஸ்கேட்டிங் போவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது, ஆனால் இதன் வரலாறு பிடிக்கும் என்பதால் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். சக்கரக் காலணியின் ஆரம்பக் கதையே நிறுத்த முடியாமல் போன கதைதான். பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் ஜோசப் மெர்லின் என்ற கருவிப் பொறியாளர் ஒரு விருந்துக்குச் சக்கரக் காலணியோடு வயலின் வாசித்துக்கொண்டே வந்தாராம். திரும்பவும் நிற்கவும் வழி தெரியாமல் விலை உயர்ந்த பெரிய கண்ணாடியில் மோதி அதையும் உடைத்து, வயலினையும் உடைத்து, தானும் பலமாகக் காயப்பட்டார் என்று சொல்வார்கள்.

1863இல் நியூயார்க்கில் ஜேம்ஸ் பிளிம்ப்டன் காப்புரிமை பெற்ற நான்கு சக்கர ஸ்கேட்தான் இன்றைய குவாடின் மூதாதை, சாய்ந்தால் திரும்பும் அமைப்பு அதில் வந்தது. இன்லைன் பரவலானது வேறு வழியில். 1980இல் அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஓல்சன் சகோதரர்கள், ஐஸ் ஹாக்கிக்காரர்கள், பனி இல்லாத மாதங்களிலும் பயிற்சி செய்ய வேண்டும் என்று பழைய வரிசைச் சக்கர ஸ்கேட் ஒன்றைப் பார்த்து மேம்படுத்தினார்கள். ரோலர்பிளேடு நிறுவனம் அப்படிப் பிறந்தது. ஐஸ் ஸ்கேட்டின் தகட்டுக்குப் பதிலாக வந்த பொருள் இது. ஹாக்கிக்காரர்கள் தகட்டைப் பக்கவாட்டில் திருப்பிப் பனியைச் சீவி நிற்பவர்கள், நுனியை ஊன்றுபவர்கள் இல்லை. நீங்கள் தேடிய டோ ஸ்டாப்பர் அங்கே இல்லாததற்குக் காரணம் அந்தப் பரம்பரை என்று நினைக்கிறேன். தார்ச்சாலையில் பனியைப் போல் சீவ முடியாது, எனவே குதிகாலில் ரப்பர்.


வேகன்88, பிப்ரவரி 4, காலை 9:11

கோவை சார் சொன்னதை யோசித்தேன். நான் மாறியபோது எனக்குப் பதினாறு வயது, கூடவே ஐந்து பேர், பூட்டிய மைதானம். அதை மறந்துவிட்டு எழுதிவிட்டேன். கழற்றுங்கள் என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். டி-ஸ்டாப்பும் கூடவே பழகுங்கள் என்பதில் உறுதியாக இருக்கிறேன், ஏனென்றால் ரப்பர் தேய்ந்து போன நாளில் அதுதான் கைகொடுக்கும். ஆனால் ஒரே காலை இழுத்தால் அந்தக் காலின் சக்கரங்கள் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகும், மாதம் ஒருமுறை சக்கரங்களை இடம் மாற்றிப் போட வேண்டும்.


அடையாறுவாசி, பிப்ரவரி 26, இரவு 9:15

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். தையல் பிரித்த பிறகுதான் ஆரம்பித்தேன்.

அலுவலகத்துக்குப் பின்னால் சனி, ஞாயிறுகளில் காலியாகக் கிடக்கும் தார்த்தரை கிடைத்தது. சொன்ன மாதிரியே ப்ளோவில் தொடங்கினேன். மூன்றாவது நாளே உள்தொடை வலித்தாலும் நின்றேன். கத்தரிக்கோல் நிலைதான் கஷ்டம், இரண்டு பாதமும் தரையில் இருந்தும் முன்கால் ஆடிக்கொண்டே இருந்தது. இடது முட்டியை நான் மடக்கவே இல்லை என்பதை நண்பன் எடுத்த வீடியோவைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன், நான் மடக்கியதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். இடது முட்டி ஷூ நுனிக்கு மேலே வரும் அளவு மடக்கியதும் ஆட்டம் நின்றது.

சுண்ணக்கட்டியால் கோடு போட்டு அளந்தேன். மணிக்கு சுமார் 12 கி.மீ. வேகத்தில் முதல் நாள் நிற்க 30 அடி ஆனது. நேற்று 13 அடி. வலது பக்கம் இழுப்பது முழுக்கப் போய்விட்டது.

ஆனால் ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். போன சனிக்கிழமை ஒரு பையன் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடிவந்தான். என் கால் மறுபடியும் பின்னால் நுனிக்குப் போக ஆரம்பித்தது, அதை நான் உணர்ந்தேன், பாதி வழியில் அது நின்று முன்னால் வந்தது. பிரேக் பிடித்தது கொஞ்சம் தாமதம்தான், பையனுக்கு நாலடி முன்னால் நின்றேன். அன்று ராத்திரி ரொம்ப நேரம் தூக்கம் வரவில்லை. இது எப்போது முழுக்கப் போகும் சார்? இன்னொரு கேள்வி, எங்கள் வீட்டுப் பக்கத்தில் ஒரு பாலத்துச் சரிவு இருக்கிறது, அதில் இறங்கலாமா?


கோவைபயிற்சி, பிப்ரவரி 27, காலை 6:20

படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது. பாதியில் கால் திரும்பி வந்தது என்றீர்களே, அதுதான் மாறுகிற கட்டம். எத்தனை நாள் என்று சொல்ல மாட்டேன், ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒரு பயிற்சி கொடுக்கிறேன். நண்பரை ஓரமாக நிற்க வைத்து, எதிர்பாராத நேரத்தில் கை தட்டச் சொல்லுங்கள், தட்டியதும் பிரேக். நீங்கள் இதுவரை கோட்டைப் பார்த்துத் திட்டமிட்டு நின்றீர்கள், திட்டமிடாமல் நிற்பது தனிப் பழக்கம். மெதுவான வேகத்தில் ஒரு நாளைக்கு இருபது முறை. இந்தக் காலம் முடியும் வரை குவாடைத் தொடாதீர்கள். பிறகு இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டலாம், கால் பிரித்துப் புரிந்துகொள்ளும்.

பாலம் வேண்டாம். இப்போதைக்கு நிச்சயமாக வேண்டாம். வேகம் இரண்டு மடங்கானால் நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்காகும். உங்கள் 13 அடி, 24 கி.மீ. வேகத்தில் 52 அடி. அது சமதரைக் கணக்கு, சரிவில் இன்னும் கூடும். பாலத்தில் வண்டிகளும் வரும். சரிவு பழக வேண்டுமென்றால் வண்டி வராத சின்ன ஏற்றத்தில், கீழிருந்து நாலு எட்டு மட்டும் ஏறி, திரும்பி, உருள ஆரம்பிக்கும் முன்பே ரப்பரைத் தரையில் வைத்துக்கொண்டு கீழே வரை இழுத்துக்கொண்டே இறங்குங்கள். வேகம் வந்த பிறகு பிடிக்கலாம் என்று விடக்கூடாது.

மழை ஈரம் இருந்தால் அன்று ஓட்ட வேண்டாம், முக்கியமாகச் சாலையில் வெள்ளைக் கோடு பூசிய இடம் ரொம்ப வழுக்கும்.


ரெண்டுபிள்ளைஅம்மா, பிப்ரவரி 27, மதியம் 12:40

பையனுக்கு ஒன்றும் ஆகவில்லையே, அது போதும் தம்பி. தூக்கம் வராதது நல்ல மனசுக்கு அடையாளம்.


அடையாறுவாசி, மார்ச் 9, இரவு 8:55

கைதட்டல் பயிற்சி பத்து நாளாகச் செய்கிறேன். நேற்று இருபதில் பத்தொன்பது முறை கால் நேராக முன்னால் போனது. ஒரு முறை மட்டும் தடுமாறினேன்.

கடைசியாக ஒரு விஷயம். பிரேக் ரப்பர் பாதிக்கு மேல் தேய்ந்துவிட்டது, இப்போது முன்பாதத்தை அதிகமாகத் தூக்கினால்தான் தரையைத் தொடுகிறது, கால் லேசாக நடுங்குவதும் திரும்பி வந்திருக்கிறது. மாற்றும் நேரம் வந்துவிட்டதா?


கிழக்குக்கரை, மார்ச் 9, இரவு 11:30

வந்துவிட்டது. ரப்பரின் பக்கவாட்டில் ஒரு கோடு போட்டிருக்கும், அதைத் தொட்டால் மாற்ற வேண்டும். கோடு இல்லாத மாடல் என்றால், உள்ளே இருக்கும் திருகின் தலை தரையில் உரசுவதற்கு ரொம்ப முன்பே மாற்றிவிடுங்கள். ஆலன் கீயால் ஒரே திருகுதான், ஐந்து நிமிட வேலை. புது ரப்பர் முதல் இரண்டு நாள் உயரமாக இருப்பதால் சீக்கிரமே தரையைத் தொடும், அதனால் மெதுவாக ஓட்டி அந்தப் புது உயரத்துக்குப் பழகிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அளவு வேறு, கடைக்குப் போகும்போது பழைய ரப்பரைக் கையோடு எடுத்துப் போங்கள்.